குமாரசாமி ராஜாவும் ஜமீன் காடுகளும்

1949இல் உருவான அரசு முத்திரையிலுள்ள கோபுரம் திருவில்லிபுத்தூரினுடையதா, மதுரையினுடையதா என்று நாம் இன்றளவும் வழக்காடிக்கொண்டிருக்கிறோம். அதே ஆண்டு அதே அரசு இயற்றிய காட்டுச் சட்டம் ஒன்றை நம்முள் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. அப்போது சென்னை மாகாண ஆட்சிக்குத் தலைமை தாங்கியவர் இராசபாளையத்துப் பூ. ச. குமாரசாமி ராஜா. (1950இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வரும்வரை அப்பதவிக்குப் பிரதமர் என்றே பெயர்.)

அச்சட்டத்தின் பெயர் சென்னை தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். அதன் தேவையை உணர, முந்தைய ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தை நினைவில் கொள்ளவேண்டும். நிலம் கைவிட்டுப் போகப்போகிறது என்று அறிந்த உடைமையாளருக்கு, நிற்கும் மரம் ரொக்கப் பணம். கூப்புக் குத்தகைதாரர் கையில் மலையை ஒப்படைத்துவிட்டால், அரசுக்கு மிஞ்சுவது மொட்டைப் பாறைதான். இராசபாளையத்தை அடுத்த சேத்தூரும் அதற்குத் தெற்கே சிவகிரியும் மலைக்காடுகளை உடைய ஜமீன்கள் என்பதை இங்குள்ளோர் அறிவர்.

சட்டம் சொன்னது இது: மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதியின்றித் தனியார் காட்டை விற்கவோ, அடகு வைக்கவோ, குத்தகைக்கு விடவோ, மரம் வெட்டவோ கூடாது. ஆனால் பட்டுப்போன மரத்தையும் விழுந்த மரத்தையும் எடுக்கலாம். வழக்கமான வீட்டுத் தேவைக்கும் உழவுக் கருவி செய்யவும் தடையில்லை. சட்டத்தின் சிறந்த பகுதி இவ்விலக்கே என்பது நம் கருத்து. ஏர்க்காலுக்கு ஒரு கிளை வெட்டுகிறவனையும் மலையை விலை பேசுகிறவனையும் அது ஒரே தட்டில் வைக்கவில்லை. பின்னாளைய காட்டுச் சட்டங்கள் பலவற்றில் இந்தப் பாகுபாட்டைத் தேடவேண்டியிருக்கிறது.

இதனால் ராஜாவைச் சூழலியலாளர் என்று முடிசூட்டுவது மிகை. 1946இலேயே இதற்கு முன்னோடியாக ஒரு சட்டம் வந்துவிட்டது. பருவநிலை பற்றிய இன்றைய பேச்சும் அக்காலத்தில் இல்லை. எனினும், அய்யனார்கோயில் ஆற்று நீரைக் குடித்து வளர்ந்த ஊரின் மனிதர், காடு அழிந்தால் கண்மாய் வறளும் என்பதை எவரிடமும் கற்கவேண்டியதில்லை.

1952 தேர்தலில் தம் வட்டாரத்திலேயே அவர் தோற்றார். பின்னர் ஒரிசாவின் ஆளுநரானார், தம் இல்லத்தைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார், 1957இல் மறைந்தார்.

திருவில்லிபுத்தூர்ச் செண்பகத்தோப்பில் சாம்பல்நிற மலை அணில்கள் இன்றும் கிளைக்குக் கிளை தாவுகின்றன. மர உச்சிகள் தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான் அவற்றுக்கு வழி. இடையில் பத்து மரம் போனால் தரையிறங்க நேரும். 1980களின் இறுதியில் சரணாலயமான இக்காடு, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. அன்று சென்னை மாகாணத்திலிருந்த மலபாரிலோ 1949ஆம் ஆண்டுச் சட்டம் போதவில்லை. 1971இல் கேரள அரசு தனியார் காடுகளையே தன் உடைமையாக்கிக்கொண்டது. தமிழ்நாட்டில் அச்சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது.