பூட்டிய அறை தந்த சாட்சியம்

கலைஞர் ஒருவரின் படைப்புக்களைப் போற்றும் நாம், அவர் எழுதிய கடிதங்களையும் கைப்பட்ட பொருள்களையும் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆனால், அவை அழிந்த இடத்திலேதான் கட்டுக்கதைகள் முளைக்கின்றன. மெக்சிக்கோ நாட்டு ஓவியர் பிரீடா காலோவின் (1907-1954) இல்லம் இவ்வுண்மையை நன்கு உணர்த்துகின்றது.

மெக்சிக்கோ நகரின் கொயோகான் பகுதியில் உள்ள 'நீல இல்லம்' அவர் வளர்ந்து, வரைந்து, மறைந்த வீடாகும். அவர் மறைந்தபின், கணவரும் சுவரோவியருமான டியேகோ ரிவேரா நம்பிக்கைப் பொறுப்பு ஒன்றை அமைத்து, அவ்வீட்டை மெக்சிக்கோ மக்களுக்கே உரிமையாக்கினார். 1958இல் அது நூதனசாலையாயிற்று. எனினும், அந்தரங்கக் கடிதங்களும் உடைமைகளும் குளியலறையில் வைத்துப் பூட்டப்பட்டன. தாம் இறந்து 15 ஆண்டுகள் கழியும்வரை அவற்றைத் திறத்தலாகாது என்பது ரிவேராவின் விருப்பம். 1957இல் அவர் காலமானார். நம்பிக்கைப் பொறுப்பாளரான டொலோரஸ் ஒல்மேடோவோ, அத்தவணை கடந்த பின்னரும், 2002இல் தாம் இறக்கும்வரை அறையைத் திறக்க இசையவில்லை.

2004இல் பூட்டுத் திறந்தது. 22,000க்கு மேற்பட்ட ஆவணங்கள், 5,000க்கு மேற்பட்ட நிழற்படங்கள், ஆடையணிகள், மருந்துகள், ஊன்றுகோல்கள் ஆகியன வெளிவந்தன. 1953இல் வலக்கால் துண்டிக்கப்பட்டபின் அவர் அணிந்த செயற்கைக் காலும், அதற்கு இட்ட சிவப்புத் தோற் சப்பாத்தும் அவற்றுள் அடங்கும்.

இவை ஏன் முக்கியமானவை? சந்தை வேறொரு பிரீடாவைப் படைத்து விற்றுவருகின்றது. 2018இல் அமெரிக்கக் கம்பனி ஒன்று அவர் உருவில் பொம்மை செய்து விற்றது. 2021இல் அவரது தன்னுருவ ஓவியம் ஒன்று நியூயோர்க்கில் 3 கோடியே 49 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. பூமாலை சூடிய அந்த அழகிய முகத்தில் வலிக்கும் இடமில்லை, அரசியலுக்கும் இடமில்லை.

உடைமைகளோ வேறு கதை கூறுகின்றன. நீண்ட பாவாடை, இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த காலை மறைத்தது. அதே வேளையில், தெகுவாந்தெபெக் பிரதேசத்துச் சுதேசப் பெண்களின் உடையைப் பெருமையுடன் ஏந்தியது. 1925இல் நேர்ந்த பஸ் விபத்து முதுகெலும்பைச் சிதைத்தமையால் அவர் சாந்துக் கவசம் அணிய நேர்ந்தது. அக்கவசமொன்றின் மார்பில் அரிவாளும் சுத்தியலும் தீட்டினார். குவாத்தமாலாவின் ஆபென்ஸ் அரசை அமெரிக்கா கவிழ்த்ததைக் கண்டித்து 1954 யூலை 2இல் நடந்த ஊர்வலத்திற் சக்கர நாற்காலியில் அமர்ந்தே கலந்துகொண்டவர், பதினொரு நாட்களில் மறைந்தார். உடலின் வேதனையையும் கொள்கையின் உறுதியையும் ஒரே கவசத்தில் தாங்கியவரை, வெறும் அலங்காரப் பதுமையாக்குதல் எங்ஙனம் நியாயமாகும்?

ஒருவரின் அந்தரங்கத்துக்குச் சிலகாலம் காவல் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், குறித்த தவணை முடிந்தபின்னும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மக்கள் சொத்து தனியொருவரின் விருப்பத்திற்குக் கட்டுண்டு கிடந்தது. உரிமை மக்களிடமும் திறவுகோல் தனியாரிடமும் இருக்குமாயின், அவ்வுரிமை பெயரளவினதே. அவ்விடைவெளியிற் சந்தை தன் கதையை எழுதிவிடுகின்றது. கலைஞரின் சுவடிகளைப் பேணுவதோடு, அவற்றை மாணவரும் ஆய்வாளரும் அணுக வழிசெய்வதும் பொதுக்கடமையாகும். திறந்த சுவடிக்கூடமே பொய்யுருவங்களை மறுக்க வல்லது.