பிரதி என்னும் மரம்

ரோலண்ட் பார்த் பாரிஸில் பால்ஸாக்கின் ‘ஸராஸீன்’ என்ற கதையை 561 துண்டுகளாக நறுக்கி, ஐந்து சங்கேதங்கள் அந்தத் துண்டுகளினூடே குறுக்கும் நெடுக்கும் ஓடுவதைக் காட்டினார். 1968லும் 1969லும் கருத்தரங்கில் பேசியது 1970ல் புத்தகமாயிற்று. அதே சமயத்தில் அமெரிக்காவில், மாஸசூஸட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில், ஐ.பி.எம். கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், வக்கீலாக இருந்து கம்ப்யூட்டருக்கு வந்த சார்ல்ஸ் கோல்ட்ஃபார்ப் என்பவருக்கு வேறொரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. வக்கீல் அலுவலகங்களின் தஸ்தாவேஜுகளைத் திருத்த, தேடியெடுக்க, பக்கம் கட்டி அச்சிட என்று மூன்று புரோகிராம்கள் இருந்தன. ஒன்றின் ஏற்பாடு இன்னொன்றுக்குப் புரியாது. மூன்றையும் ஒன்றோடொன்று பேச வைக்க வேண்டும்.

இருவர் முன்னாலும் நின்ற கேள்வி ஒன்றுதான்: பிரதி எதனால் ஆனது? பார்த்தின் பதில் வலை. கோல்ட்ஃபார்பின் பதில் மரம். இலக்கிய விவாதங்களில் பார்த் ஜெயித்தார். காரியத்தில் ஜெயித்தது மரம். இன்று ஒரு பழைய நூலைக் கம்ப்யூட்டரில் முறையாக ஏற்றுகிற எவரும், தெரிந்தோ தெரியாமலோ, அந்த வக்கீல் அலுவலகத்துப் பதிலை ஒப்புக்கொண்டுதான் ஏற்றுகிறார். இந்த ஒப்புதலின் சரித்திரம் நம் இலக்கியக்காரர்கள் கவனத்துக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

யோசனை கோல்ட்ஃபார்புக்கு முன்பே காற்றில் இருந்தது. 1967 செப்டம்பரில் கனடா அரசாங்க அச்சகத்தில் நடந்த கூட்டமொன்றில் வில்லியம் டன்னிக்ளிஃப், ஆவணத்தின் உள்ளடக்கத்தை அதன் தோற்றத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று பேசினார். அதுவரை கம்ப்யூட்டருக்குப் போன கட்டளைகள், அச்சுக்கோப்பவருக்குக் கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் எழுதும் குறிப்பு மாதிரிதான்: இங்கே தடித்த எழுத்து, இங்கே இரண்டு வரி இடைவெளி. புதிய யோசனை இதைத் தலைகீழாக்கியது. தடித்த எழுத்து என்று எழுதாதே, தலைப்பு என்று எழுது. தலைப்பு எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதைத் தொழில்நுட்பம் என்று மட்டும் சொல்லி ஒதுக்க முடியாது. ஒரு வரியைத் தலைப்பு என்பதும் மேற்கோள் என்பதும் அதைப் படித்துச் சொல்கிற தீர்ப்பு. விமர்சகன் செய்கிற காரியம்தான் அது.

1969ல் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி மூவரும் செய்த குறிமொழிக்கு ஜி.எம்.எல். என்று பெயர் வந்தது. மூவர் பெயரின் முதலெழுத்துக்களும் அதில் இருக்கின்றன. அது வளர்ந்து 1986ல் எஸ்.ஜி.எம்.எல். என்ற சர்வதேசத் தரமாயிற்று. அதைச் சுருக்கி, இணையத்துக்கு ஏற்றபடி, ஜான் போஸாக் தலைமையில் ஒரு குழு 1996ல் வேலையைத் தொடங்கியது. 1998 பிப்ரவரி 10ந் தேதி எக்ஸ்.எம்.எல். வெளியாயிற்று. விதி எளியது, கடுமையானது. ஆவணத்துக்கு ஒரே வேர். ஒன்றுக்குள் திறந்தது அதற்குள்ளேயே மூடப்பட வேண்டும். நூலுக்குள் அத்தியாயம், அத்தியாயத்துக்குள் பத்தி, பத்திக்குள் மேற்கோள். ஒரு கிளை இன்னொரு கிளையை வெட்டிக்கொண்டு போகக் கூடாது. போனால் அந்த ஆவணத்தைப் படிக்கிற புரோகிராம் மேற்கொண்டு படிக்க மறுத்துவிட வேண்டும்.

விலைப்பட்டியலுக்கும் ஒப்பந்தப் பத்திரத்துக்கும் இந்த விதி போதும். இலக்கியப் பிரதிக்கு? இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இலக்கியத்தை அறியாதவர்கள் அல்ல. 1987 நவம்பரில் நியூயார்க் மாநிலத்துப் பொகீப்ஸியில், வாஸர் கல்லூரியில் கூடிய அறிஞர்கள், பழம்பிரதிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு ஒரு பொது முறை வேண்டும் என்று முடிவு செய்தார்கள். டி.ஈ.ஐ. எனப்படும் அந்த முயற்சியின் வழிகாட்டி 1994ல் பெரும் நூலாக வந்தது. அதன் பதிப்பாசிரியர் இருவரில் ஒருவரான ஸ்பெர்பர்க்-மக்வீன் பிறகு எக்ஸ்.எம்.எல்.லின் பதிப்பாசிரியர்களிலும் ஒருவரானார். ஆக, மரத்தை இலக்கியத்தின் மேல் யாரோ வெளியிலிருந்து வந்து திணித்தார்கள் என்று சொல்ல வழியில்லை. இலக்கியம் படித்தவர்களே அதைச் செதுக்கினார்கள்.

1990ல் டிரோஸ், டுராண்ட், மைலோனாஸ், ரெனியர் என்ற நால்வர் ஒரு கட்டுரை எழுதினார்கள். பிரதி என்பது உண்மையில் என்ன என்பதே அதன் கேள்வி. ஒழுங்கான படிநிலையில் அமைந்த உள்ளடக்கப் பொருள்களே பிரதி என்பது பதில். மரம் ஒரு சௌகரியம் என்று அவர்கள் சொல்லவில்லை. பிரதியே மரம் என்றார்கள். ஆனால் அவர்களில் மூவரே சில ஆண்டுகளில் அந்த வாதத்தைத் திருத்த நேர்ந்தது. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஒரே செய்யுளடியை ஒரு பாத்திரம் தொடங்கி இன்னொரு பாத்திரம் முடிக்கிறது. அடிக்குள் பேச்சா, பேச்சுக்குள் அடியா? இரண்டும் இல்லை. ஒன்றையொன்று வெட்டுகின்றன. பத்தி ஒரு பக்கத்தில் தொடங்கி அடுத்த பக்கத்தில் முடிகிறது. இதுவும் அப்படியே. ஜெரோம் மக்கான், 1993 முதல் ரொஸெட்டியின் கவிதைகளையும் ஓவியங்களையும் மின்பதிப்பாக்குவதில் ஈடுபட்டவர், கவிதை இந்தப் படிநிலைக்குள் அடங்குவதல்ல என்று வாதாடினார். கவிதையில் அடியும் வாக்கியமும் ஒத்துப்போகாமல் இழுபடுவதுதான் பல சமயம் விஷயமே.

டி.ஈ.ஐ. கண்ட சமாதானம் நடைமுறைப் புத்தி உள்ளது. ஒரு கட்டமைப்பை மரமாக வைத்துக்கொள். அதை வெட்டுகிற மற்றதை மைல்கல்லாக நட்டுவிடு. பக்கத்தை ஒரு பெட்டியாக்காதே. இங்கே புதுப் பக்கம் தொடங்குகிறது என்று உள்ளே ஒன்றுமில்லாத ஒரு குறியை மட்டும் வை. எது மரம், எது மைல்கல் என்று யாராவது தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் ஒரு விமர்சனத் தீர்மானம். அது எங்கும் முன்னுரையில் எழுதப்படுவதில்லை என்பதுதான் கவலை.

மரத்தை எழுதியாயிற்று. அதை யார் படிப்பது? மனிதனல்ல, புரோகிராம். 1998 மே மாதம் டேவிட் மெக்கின்சனின் முயற்சியில் வந்த ஸாக்ஸ் என்ற முறை, பிரதியை ஓட்டமாகப் படிக்கிறது. இதோ ஒன்று திறக்கிறது, இதோ எழுத்து, இதோ மூடுகிறது என்று அறிவித்துக்கொண்டே போகும். எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த டாம் என்ற முறை, முழு மரத்தையும் நினைவில் நிறுத்துகிறது. அதில் குறியும் ஒரு கணு, எழுத்தும் ஒரு கணு. இரண்டும் சகோதரர்கள். நேர்மையான ஏற்பாடு. ஆனால் கையாளுவதற்குச் சுற்றி வளைத்தது. பைத்தான் மொழியில் எழுதுகிறவர்களுக்கு அது அலுப்பூட்டியது.

ஸ்வீடனைச் சேர்ந்த ஃப்ரெட்ரிக் லுண்ட் எலிமென்ட்ட்ரீயை எழுதினார். 2006ல் பைத்தான் 2.5 பதிப்போடு அது மொழியின் சொந்த நூலகத்தில் சேர்ந்துவிட்டது. லுண்ட் 2021ல் காலமானார். அவர் ஏற்பாடு இன்றும் ஓடுகிறது. அதன் அழகு சிக்கனத்தில் இருக்கிறது. எழுத்துக்குத் தனிக் கணு கிடையாது. கணு என்றால் குறி மட்டும்தான். கணு ஒரு பட்டியல் மாதிரி, பிள்ளைகளை எண்ணிட்டு எடுக்கலாம். பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று தெரியாது. மேலிருந்து கீழேதான் போக முடியும். அப்படியானால் எழுத்து எங்கே? குறி திறந்தவுடன் வருவது, முதல் பிள்ளை வரைக்கும், அந்தக் குறியின் உரை. குறி மூடிய பிறகு வருவது அந்தக் குறியின் வால். வால் என்றே அதற்குப் பெயர்.

இதன் விளைவைப் பார்க்க ஒரு வாக்கியம் போதும். ‘பஞ்சம் வந்தது, ஆனால் ஊரை விட்டு ஒருவரும் போகவில்லை.’ பஞ்சம் வந்தது என்பதற்குப் பின்னால் பதிப்பாசிரியர் ஒரு குறிப்பைச் செருகியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எலிமென்ட்ட்ரீயில் ‘பஞ்சம் வந்தது’ பத்தியின் உரை. பிற்பாதி முழுவதும் குறிப்பின் வால். வாசகப் பதிப்புக்காகக் குறிப்புகளை நீக்கு என்று புரோகிராம் எழுதினால் குறிப்பு போகும், வாலும் கூடவே போகும். மிஞ்சுவது ‘பஞ்சம் வந்தது’. ஊரில் நின்றவர்கள் அழிந்துபோனார்கள். புரோகிராம் பிழை என்று ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் மரத்தின் கணக்கில் பிழையே இல்லை. பத்தியின் உரையை மட்டும் கேட்டு எடுப்பவனுக்கும் இதே கதிதான். முதல் குறியோடு பத்தி முடிந்துவிடும்.

மைல்கல்லுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பக்கம் தொடங்கும் குறி உள்ளே ஒன்றுமில்லாதது. அதன் பின்னால் வருகிற எழுத்து, அடுத்த குறி வரை, அதன் வால். பத்தி நடுவே நின்ற பக்க எண்ணை நீக்கினால் அதைத் தொடர்ந்த வரிகளே போய்விடலாம். பரிகாரம் உண்டு. நீக்குமுன் வாலை அறுத்து, முந்திய சகோதரனின் வாலோடு, சகோதரன் இல்லையென்றால் தகப்பனின் உரையோடு ஒட்டிவிட வேண்டும். ஐந்தாறு வரி. பிறகு வந்த எல்.எக்ஸ்.எம்.எல். என்ற நூலகத்தில் குறிகளை மொத்தமாக உரித்தெடுக்கும்போது வாலை விட்டுவை என்று சொல்ல வழி உண்டு. சொல்லாவிட்டால் வாலும் போகும்.

லுண்டைக் குறை சொல்வது அறியாமை. எக்ஸ்.எம்.எல்.லில் புழங்குவதில் பெரும்பகுதி விலைப்பட்டியல், அமைப்புக் கோப்பு, கணக்கு. அவற்றில் வாலில் இருப்பது வெறும் இடைவெளி. அந்த உலகுக்கு அவர் செய்தது மிகச் சரியான கருவி. தொடர்ச்சியான வாக்கியத்துக்குள் குறிகள் மிதக்கிற உலகம் சிறுபான்மை. கவிதையும் உரைநடையும் அந்தச் சிறுபான்மையில் இருக்கின்றன. தன் சௌகரியத்துக்காகப் பெரும்பான்மை செய்துகொண்ட ஏற்பாட்டில், வாக்கியத்தின் பிற்பாதி அதற்கு முன்னால் வந்த ஏதோவொன்றின் வாலாகிவிட்டது.

தமிழுக்கு இது அந்நிய விவகாரம் அல்ல. யாப்பில் சீர் பிரிகிற இடமும் சொல் பிரிகிற இடமும் ஒன்றல்ல என்பது நமக்கு அடிப்படைப் பாடம். சொல்லை அறுத்துச் சீராக்குவதற்கு வகையுளி என்று பெயரே வைத்திருக்கிறோம். சீரை மரமாக்கினால் சொல் சிதறும், சொல்லை மரமாக்கினால் சீர் சிதறும். கல்வெட்டில் வரி முடிகிற இடம் கல்லின் அகலத்தைப் பொறுத்தது, சொல்லைப் பொறுத்ததல்ல. புணர்ச்சி இன்னும் ஆழமாக வெட்டுகிறது. நாடு, இது என்ற இரு சொற்கள் நாடிது ஆகும்போது எல்லை ‘டி’ என்ற ஓரெழுத்துக்குள் விழுகிறது. மெய் ஒரு சொல்லுக்கு, உயிர் இன்னொரு சொல்லுக்கு. யூனிகோடில் ‘டி’ என்பது ‘ட’வும் இகரக் குறியும். நடுவில் குறியைச் செருகினால் இடது பக்கம் நிற்பது ‘ட்’ அல்ல, அகரம் ஏறிய ‘ட’. வலது பக்கம் நிற்பது ‘இ’ அல்ல, ஒட்ட மெய் இல்லாத ஓர் இகரக் குறி. இங்கே மரம் கிளையை முறிப்பதில்லை, எழுத்தையே முறிக்கிறது.

அதற்காக மரத்தை வெட்டிப் போடச் சொல்லவில்லை. மரம் இல்லாமல் தேடவோ ஒப்பிடவோ பதிப்பிக்கவோ முடியாது. பார்த்தின் 561 துண்டுகளுக்கும் எண் இருக்கிறது. அவரும் வரிசையாக நறுக்கித்தான் வலையைக் காட்டினார். நான் கேட்பது சிறியது. நம் நூல்களை ஏற்றுகிறவர்கள், எதை மரமாகக் கொண்டோம், எதை மைல்கல்லாக ஒதுக்கினோம் என்று பதிப்பின் முன்னால் நாலு வரி எழுதட்டும். ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தபோது எந்தப் பாடத்தை ஏற்றோம், எதை விட்டோம் என்று பதிப்பாசிரியனிடம் கேட்கப் பழகினோம். அதே கேள்வியைப் புரோகிராம் எழுதுகிறவனிடமும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், நாளைக்கு வருகிற வாசகன் ‘பஞ்சம் வந்தது’ என்பதோடு நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மூடுவான். ஒரு வாக்கியம் குறைகிறது என்று அவனுக்குச் சொல்ல ஆள் இருக்காது.