பிரெஞ்சு மொழியும் ஒரு வழக்கின் மறுதரப்பும்

பல்கலைக்கழகத்தில் பயின்ற பிரெஞ்சு உங்களுக்கு என்ன தந்தது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நெடுங்காலம் ஒருதரப்பாகவே கேட்கப்பட்ட ஒரு வழக்கின் மறுதரப்பைப் படிக்கத் தந்தது என்பேன்.

பிரான்சுவா பெர்னியே ஒரு மருத்துவர். ஔரங்கசீப்பின் அரசவைப் பிரமுகரான தானிஷ்மந்த் கானிடம் பணியாற்றியவர். நாடு திரும்பிய பின், பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேருக்கு அவர் எழுதிய கடிதம், முகலாய நாட்டில் நிலமெல்லாம் அரசனுக்கே உரியது. குடிகளுக்குச் சொத்துரிமை இல்லை. அந்நாட்டின் சீரழிவுக்கு அதுவே காரணம் என்று வாதிட்டது. 1670இல் பாரிசில் வெளிவரத் தொடங்கிய அவருடைய நூல் விரைவிலேயே ஆங்கிலத்துக்கும் சென்றது. 1748இல் மாண்டெஸ்கியூ ‘கீழை எதேச்சாதிகாரம்’ என்னும் கருத்துக்கு இலக்கணம் வகுத்தார். 1853இல் மார்க்ஸ், கிழக்கைப் புரிந்துகொள்ளும் திறவுகோல் பெர்னியேவின் இக்கூற்றில் இருப்பதாக எங்கெல்சுக்கு எழுதினார்.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால், ‘பிரெஞ்சுக்காரர் இந்தியாவை இவ்வாறே கண்டனர்’ என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அதே மொழியில், 1778இல், ஆங்கெத்தில் துப்பெரோன் ‘கீழைச் சட்டமுறை’ என்னும் நூலை வெளியிட்டார். சூரத்தில் பார்சி குருமாரிடம் பயின்று அவெஸ்தாவைப் பிரெஞ்சில் தந்தவர் அவர். துருக்கி, பாரசீகம், இந்துஸ்தானம் ஆகிய மூன்றிலும் அரசனையும் குடிகளையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும் எழுத்துச் சட்டம் உண்டு. தனிமனிதர்க்குச் சொத்துரிமை உண்டு என்று அந்நூலின் முகப்புப் பக்கமே அறிவிக்கிறது.

இது வெறும் ஏட்டுச் சர்ச்சையன்று. நிலமெல்லாம் அரசனுடையது என்றால், அவனை வென்று அவ்விடத்தில் அமர்பவர் எல்லா நிலத்துக்கும் உரிமை கோரலாம். வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வரி தண்டிக்கொண்டிருந்த காலத்தில் அக்கோட்பாடு யாருக்குப் பயன்படும் என்பதை ஆங்கெத்தில் அறிந்திருந்தார்.

அவரையும் நடுவராகக் கொள்ள இயலாது. 1761இல் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் இழந்த நாட்டவர் அவர்; ஆங்கிலேயர்மீது அவருக்கிருந்த கசப்பு எழுத்தில் மறைவதில்லை. பெர்னியேவும் இந்தியாவைக் காட்டித் தம் அரசுக்கே அறிவுரை கூறினார் எனலாம். யார், யாரை நோக்கி, எந்நேரத்தில் எழுதினார் என்று கேட்கும் பழக்கம் எனக்கு மூலத்தைச் சொல் சொல்லாகப் படித்தபோதுதான் வந்தது.

ஆய்வு தொடங்கும் நண்பர்களுக்கு ஒன்று: எந்நூல்கள் மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்பதை நமக்கு முன்பே யாரோ முடிவு செய்துவிட்டனர். அம்முடிவைச் சோதித்துப் பார்க்கவேனும் இன்னொரு மொழி வேண்டும்.