பூக்குழிக்கு விறகு வந்த கதை

ஓம் சக்தி.

தீமிதிக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கு. கோயிலுக்குப் பின்னால விறகு அடுக்க ஆரம்பிச்சுட்டோம். போன வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்த ஒரு தம்பி கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அண்ணே, எரிக்கப் போற விறகுதானே, எதுக்கு இப்படி அளந்து அளந்து நேரா வெட்டுறீங்க?"ன்னு கேட்டார். செயின்சா சத்தத்துல சரியா பதில் சொல்ல முடியலை. அதுக்குப் பதில் சொல்லணும்னா தோட்டத்துக் காலத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். அதனால இங்கே எழுதுறோம்.

1877-ல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888-ல் அங்குள்ள தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். அதற்குப் பிறகு மோட்டார் கார் வந்தது, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது, மலாயா முழுக்கத் தோட்டங்கள் எழுந்தன. கங்காணிகள் அழைத்து வந்த நம்ம முன்னோர்கள் லயத்துக்குப் பக்கத்திலேயே மாரியம்மனையும் வைத்தார்கள். பல தோட்டங்களில் தீமிதியும் சேர்ந்தே வந்தது.

அப்போ விறகுக்குப் பஞ்சமே இல்லை. பால்மரம் ஏறத்தாழ 25, 30 வருஷம் பால் கொடுக்கும். பிறகு வெட்டிட்டு மறுநடவு செய்யணும். வெட்டின மரத்தைப் பலகைக்கு யாரும் வாங்க மாட்டாங்க. பூஞ்சையும் துளைக்கிற வண்டும் சீக்கிரமே பிடிச்சுடும். அதனால அது லயத்து அடுப்புக்கும், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுற கொட்டகைக்கும், செங்கல் சூளைக்கும் போச்சு. மீதி கோயிலுக்கு. திருவிழான்னா மண்டோர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும், டிராக்டர்ல வந்து இறங்கும்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்க. ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு இழுக்கிற வாள்லயும் கோடாலியிலயும்தான் வேலை.

அந்தக் காலம் மெதுவா மாறிச்சு. 1917-ல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. 1960-களுக்குப் பிறகு தோட்டம் தோட்டமா ரப்பரை எடுத்துட்டுச் செம்பனை போட்டாங்க. செம்பனைத் தண்டு முழுக்க ஈரமும் நாரும்தான், பூக்குழிக்கு ஆகாது. 1980-கள்ல பால்மரத்தைப் பதப்படுத்தி மேசை நாற்காலி செய்ய ஆரம்பிச்சதும், சும்மா கிடைச்ச மரத்துக்கும் விலை வந்துடுச்சு. அப்புறம் பல தோட்டங்களே வீடமைப்புப் பகுதியா மாறிப் போச்சு. லயம் போச்சு, ஜனங்க நாலா பக்கமும் போனாங்க. அம்மன் மட்டும் நின்னாங்க, தீமிதியும் நின்னுச்சு. விறகுதான் இல்லை.

அதனால இப்போ நாங்க தேடிப் பொறுக்குறோம். சின்னத் தோட்டக்காரர் யாராவது மறுநடவு செஞ்சா கிளைகளைக் கேட்டு வாங்குறோம். புயல் மழையில விழுந்த மரத்தை அனுமதி கேட்டு எடுக்குறோம். அன்பர்கள் வீட்டுக் கொல்லை ரம்புத்தானும் மாமரமும்கூட வந்திருக்கு. சாமான் அடுக்குற பலகைத் தட்டுகளை மட்டும் எடுக்க மாட்டோம். அதுல ஆணியும் இருக்கும், மருந்தும் ஏத்தியிருப்பாங்க. ரெங்காஸ் மரத்தைத் தொடவே மாட்டோம். அதோட பால் பட்டாலே உடம்பு கொப்பளிச்சுடும்.

இப்படி நாலு இடத்து மரம் வந்து சேரும்போதுதான் நேர்வெட்டு முக்கியம். ஒரே நீளத்துல, முனை தட்டையா இருந்தாத்தான் அடுக்கு அசையாம நிக்கும். சரிவா வெட்டின கட்டை உருளும். ஒரு பக்கம் இடைவெளி, ஒரு பக்கம் நெருக்கம்னு ஆயிடும். நெருப்பு ஒரே மாதிரி எரியாது. ஒரு பக்கம் சாம்பலா இருக்கும்போது இன்னொரு பக்கம் பாதி எரிஞ்ச கொள்ளி கிடக்கும். விரதம் இருந்து, கரகத்துக்குப் பின்னால வர்றவங்க அதுல கால் வைக்கணும்.

ஒரு வருஷம் நாங்க செஞ்ச தப்பையும் சொல்லிடுறோம். பால்மரத்துல மங்கைத் தாங்க ஒரு கம்பி கட்டியிருப்பாங்க. வருஷக்கணக்குல மரம் அந்தக் கம்பியை விழுங்கிடும், வெளியே ஒண்ணும் தெரியாது. அந்த வருஷம் செயின்சா அதுல பட்டு நெருப்புப்பொறி பறந்துச்சு. அவசரத்துல அடிபட்ட பக்கத்துப் பற்களை மட்டும் அரம் போட்டுட்டு வேலையைத் தொடர்ந்தோம். அதுக்கப்புறம் வெட்டின ஒவ்வொரு கட்டையும் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு வந்துச்சு. இயந்திரத்தைத் திட்டிக்கிட்டே வெட்டி அடுக்கினோம். ராத்திரி அடுக்கு சரிஞ்சிடுச்சு. பக்கத்துல யாரும் இல்லாதது அம்மன் அருள்.

மறுநாள் வந்த பெரியவர் ஒருத்தர், ரொம்ப வருஷம் மரம் வெட்டுற குத்தகையில இருந்தவர், கட்டையைத் திருப்பிப் பார்த்துட்டு, "மிஷின்ல கோளாறு இல்லடா தம்பிங்களா, உங்க அரத்துலதான் இருக்கு"ன்னு சொன்னார்.

அவர் சொன்னதுக்குக் காரணம் அந்தச் சங்கிலியோட அமைப்புலயே இருக்கு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்பவர் 1946-ல் மரத்தைக் குடையும் ஒரு புழுவைக் கவனித்தார். அது இடமும் வலமுமா மாறி மாறிக் கடித்துக்கொண்டு முன்னேறியது. அதைப் பார்த்துத்தான் இன்றைய சங்கிலியின் பல்லை வடிவமைத்தார். இடப் பல் ஒண்ணு, வலப் பல் ஒண்ணு. ரெண்டும் சமமா இருக்கும்வரை வெட்டு நேராப் போகும். ஒரு பக்கம் தேய்ஞ்சா, கூரா இருக்கிற பக்கம் இழுத்துக்கிட்டுப் போயிடும்.

அன்னையிலேர்ந்து எங்க பழக்கம் இதுதான். இயந்திரத்தை நிறுத்தி, கையுறை போட்டுக்கிட்டு, இருக்கிறதுலயே குட்டையான பல்லைத் தேடுவோம். மத்த எல்லாப் பல்லையும் அதோட அளவுக்கு, ஏறத்தாழ 30 டிகிரி கோணத்துல கொண்டு வருவோம். இடப்பக்கம் மூணு இழுப்புன்னா வலப்பக்கமும் மூணு. ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலயும் இருக்கிற சின்ன மேடு, பல்லைவிட ஏறத்தாழ 0.65 மி.மீ. தாழ்ந்திருக்கணும். அதையும் ரெண்டு பக்கமும் சமமா வைப்போம். சங்கிலி ஓடுற பார் தகட்டோட விளிம்பு ஒரு பக்கம் தேய்ஞ்சாலும் வெட்டு வளையும். அதனால விளிம்பைத் தட்டை அரத்தால சமன் செஞ்சு, பாரைத் தலைகீழாத் திருப்பி மாட்டுவோம். மண்ணுல சங்கிலி படவே கூடாது. ஒரு தடவை பட்டாலும் கூர் போயிடும்.

கட்டையிலயும் சோதனை உண்டு. உள்ளே இரும்பு இருந்தா சுற்றி மரம் கறுத்திருக்கும். அந்தக் கட்டையைத் தனியா ஒதுக்கிடுவோம். செயின்சாவை உடைக்கிற அதே கம்பிதான் தணல்லயும் கிடக்கும். நாங்க ஒரு கட்டையைக் கவனிக்காம விட்டா, அது யாரோ ஒரு பக்தரோட பாதத்துல போய் முடியும்.

தம்பி, நீங்க கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

அந்தப் பெரியவருக்கு இப்போ கண் பார்வை குறைஞ்சிடுச்சு. ஆனாலும் அரம் போடுற சத்தத்தை வச்சே எந்தப் பக்கம் தப்புன்னு சொல்லிடுறார். அவர் இருக்கும்போதே கத்துக்க நாலு இளைஞர்கள் வேணும். ஞாயிறு காலையில பசியாறிட்டு வாங்க, சிலிப்பர் வேண்டாம், மூடின சப்பாத்து போட்டு வாங்க.

வீட்டுல மரம் வெட்டுறதா இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லுங்க, நாங்களே லோரி கொண்டு வர்றோம். அந்த மரத்துல எப்பவாவது துணிக்கொடி கட்ட ஆணி அடிச்சிருந்தா, மறக்காம அதையும் சொல்லிடுங்க.

தாயே துணை.