ஹார்லி தெருவில் ஓர் ஆஸ்திரேலியர்

லயனல் லோக் டாக்டர் அல்ல. பேச்சுப் பயிற்சிக்கென்று எந்தப் பட்டமும் படித்தவரும் அல்ல. 1880இல் அடிலெய்டில் பிறந்து, மேடையில் கணீரென்று பேசச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் சிலருக்கு அதிர்ச்சியில் பேச்சு குழறியது. பெர்த் நகரில் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்துத்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தார். மைசூரில் உடற்கூறு, ஒலியியல் எல்லாம் உருப்போட்டுப் பரீட்சை எழுதிப் பேச்சுப் பயிற்சியாளர்களான எங்களுக்கு இவர்தான் தாத்தா முறை.

1924இல் லண்டன் போனவர், பெரிய டாக்டர்கள் கடைவிரித்திருந்த ஹார்லி தெருவில் 146ஆம் எண்ணில் அறை பிடித்தார். துணிச்சல்தான். 1926 அக்டோபரில் யார்க் கோமகன், அதாவது பின்னாளைய ஆறாம் ஜார்ஜ் மன்னர், அங்கே வந்தார். முந்தைய ஆண்டு வெம்பிளி கண்காட்சி நிறைவு விழாவில் மைக் முன்னால் திக்கித் திணறியவர். பல நிபுணர்களைப் பார்த்துச் சலித்தவர். மனநிலையில் கோளாறில்லை, திக்கலால்தான் பதற்றம் வந்திருக்கிறது என்று லோக் அட்டையில் குறித்துவைத்தார். எது முன்னால், எது பின்னால் என்பதை அவர் சரியாகப் பிடித்துவிட்டார். "பயந்த சுபாவம் மேடம், அதான் திக்குறான்" என்று பையனை எதிரில் வைத்துக்கொண்டே சொல்லும் அப்பாக்களிடம் இன்றும் நான் மல்லுக்கட்டுவது இதற்காகத்தான்.

மருந்து கிடையாது. மூச்சுப் பயிற்சி, திறந்த ஜன்னல் முன் நின்று உயிரொலிகளை உரக்க இழுத்துச் சொல்வது, வீட்டிலும் தினமும் அதே சாதகம். கோமகன் அசராமல் செய்தார். 1927 மே 9 அன்று கான்பெராவில் நாடாளுமன்றக் கட்டடத்தைத் திறந்துவைத்துத் தடங்கலின்றிப் பேசினார். இவர்கள் இருவரின் கதையை வைத்து 2010இல் வந்த சினிமா இந்த முன்னேற்றத்தைப் பத்து வருஷம் தள்ளிப்போட்டுவிட்டது. நாடகத்துக்கு அது வசதி. பயிற்சியின் கதை அப்படியில்லை.

மன்னராகிவிட்ட கோமகனின் 1939 செப்டம்பர் 3 போர் அறிவிப்புப் பேச்சில் எங்கே நிறுத்த வேண்டும் என்று லோக் கோடு போட்டுக் கொடுத்தார். வாயில் சிக்கக்கூடிய சொல்லை மாற்றியும் கொடுத்தார். 'அரசாங்கம்' வர வேண்டிய இடத்தில் 'நாம்' வந்தது. இதில் மட்டும் தாத்தாவோடு எனக்குச் சண்டை. சொல்லுக்குப் பயந்து விலகினால் பயம் வளரும். என்னிடம் வரும் பையன் தன் பெயரில் திக்கினால், அந்தப் பெயரையே திக்கிச் சொல்லட்டும் என்பேன். ஆனால் நாடே ரேடியோ முன் காத்திருந்த அந்தச் சாயங்காலத்தில் நானும் சொல்லை மாற்றியிருப்பேனோ என்னவோ.

1935இல் பிரிட்டிஷ் பேச்சுப் பயிற்சியாளர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் லோக்கும் ஒருவர். மன்னரின் முக்கியமான பேச்சு ஒவ்வொன்றுக்கும் கூடவே நின்றவர், 1944 கிறிஸ்துமஸ் ஒலிபரப்புக்குப் போகவில்லை. தான் பக்கத்தில் இல்லாமலே மன்னர் பேசியதைத் தன் வீட்டில் ரேடியோவில் கேட்டார். சினிமாக்காரர்கள் 1939இல் படத்தை முடித்துவிட்டார்கள். என்னைக் கேட்டிருந்தால் இந்தக் கிறிஸ்துமஸ் வரை ஓட்டச் சொல்லியிருப்பேன்.