புரட்சிப் புயலில் தூரிகை ஏந்திய மகளிர்

பாரிஸ் மாநகரில் 1783-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள், பிரெஞ்சு அரசின் ஓவியக் கழகம் பெண்கள் இருவரை ஒரே நாளில் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. ஒருவர் எலிசபெத் விஜே லெ பிரன். மற்றவர் அதெலாயித் லபீல் கியார். கேட்பதற்குப் பெருந்தன்மையாகத் தோன்றும். ஆனால் அக்கழகத்தில் பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட இடங்கள் நான்கே. அந்த வரம்பு 1770-இல் விதிக்கப்பட்டது. இவ்விருவரும் வந்த அன்றே அந்நான்கும் நிரம்பிவிட்டன. இனி எத்துணைத் திறமை வாய்ந்த நங்கை வந்து கதவைத் தட்டினும், உள்ளிருப்பவருள் ஒருவர் இறந்தாலன்றி இடமில்லை! உடலின் அமைப்பை உயிருள்ள மாதிரியைப் பார்த்து வரையும் வகுப்பும் பெண்களுக்கு மூடியே இருந்தது. ஆகவே, உயர்ந்ததெனப் போற்றப்பட்ட வரலாற்று ஓவியத்தில் அவர்கள் கைவைப்பது அரிது. முகம் எழுதலாம், மலரும் கனியும் எழுதலாம், அவ்வளவே.

இருவரும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். லபீல் கியாரின் தந்தை ஆடையணிக்கடை வைத்திருந்த வணிகர். விஜே லெ பிரனின் தந்தை வண்ணக்கோல் கொண்டு முகம் எழுதிய ஓவியர். மகளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கையிலேயே அவர் மறைந்தார். பின்னர் அச்சிறுமியின் கைத்தொழிலே குடும்பத்துக்குத் துணையாயிற்று. உரிமம் இன்றித் தொழில் செய்கிறாள் என்று அவள் கூடத்தை அதிகாரிகள் முத்திரையிட்டு மூடியதும் உண்டு. கழகத்துள் நுழைந்த வழியிலோ இருவரும் வேறுபட்டனர். லபீல் கியார் உறுப்பினர்களின் வாக்கால் நுழைந்தார். லெ பிரனின் கணவர் ஓவிய வணிகர் ஆதலின், வணிகத் தொடர்புடையோர் கழகத்திற் சேரலாகாது என்னும் விதி குறுக்கே நின்றது. அரசி மரீ அந்துவானெத்தின் ஆதரவும் அரசரின் ஆணையுமே அவருக்கு வழிதிறந்தன. அவ்வாணையை ஊரார் மறக்கவில்லை.

அவ்வாண்டுக் கண்காட்சியில் லெ பிரன் வைத்த அரசியின் படமொன்று பெருங்கூச்சலை எழுப்பியது. பட்டும் மணியும் இன்றி, மெல்லிய மஸ்லின் உடையும் வைக்கோல் தொப்பியுமாக அரசியை எழுதியிருந்தார். நம் நாட்டு மஸ்லினுக்கு ஐரோப்பாவில் அந்நாளில் இருந்த மோகத்தை நாம் அறிவோம். பாரிஸ் மக்களோ, அரசி உள்ளாடையில் நிற்கிறாள் என்றும், லியோன் நகரத்துப் பட்டு நெசவாளரின் வயிற்றில் அடிக்கிறாள் என்றும் ஏசினர். படம் அகற்றப்பட்டுப் பட்டாடை அணிந்த வேறொன்று அங்கே வைக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குப்பின், அரசியைத் தாயாகக் காட்டி நாட்டாரின் வெறுப்பைத் தணிக்கும் நோக்குடன் எழுதப்பட்ட பெரிய படத்தில் ஒரு தொட்டில் வெறுமையாகக் கிடக்கிறது. இறந்த குழந்தையின் இடம் அது. வெறுப்பு தணிந்ததாகத் தெரியவில்லை.

1789 அக்டோபர் 6-ஆம் நாள், கொதித்தெழுந்த மக்கள் அரச குடும்பத்தை வெர்சேல்ஸிலிருந்து பாரிசுக்குக் கொண்டுவந்தனர். அன்றிரவே லெ பிரன், ஒன்பது வயது மகளையும் அவளுடைய ஆசிரியையையும் அழைத்துக்கொண்டு, எளிய உடையில், பொது வண்டியிலேறி நாட்டைவிட்டுப் புறப்பட்டார். பிழைப்பின்பொருட்டு ஊர்விட்டு வந்த நம்மனோர்க்கு மூட்டை கட்டும் துயரம் ஓரளவு தெரியும். திரும்பினால் தலை போகும் என்ற நிலையில் கட்டிய மூட்டை அது. ஆனால் அவருடைய முதல் அவர் விரல்களில் இருந்தது. ரோம், நேப்பிள்ஸ், வியன்னா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் எனச் சென்ற இடமெல்லாம் முகம் எழுதுவிக்க மக்கள் காத்திருந்தனர். பிளாரன்சு நகரத்து உபீசிக் கூடம் அவருடைய தன்னுருவப் படத்தைக் கேட்டுப் பெற்றது. ருசியப் பேரரசி இரண்டாம் காதரைனின் பேத்தியர் இருவரைக் கை தெரிய எழுதியபோது பேரரசி முகஞ்சுளித்தார். ஓவியர் சட்டைக்கு நீண்ட கைகளைச் சேர்த்துக் கொடுத்தார். வேண்டுவோரின் மனமறிந்து நடப்பதும் அத்தொழிலின் ஒரு கூறுதானே! தாய்நாட்டிலோ, ஓடிப்போனோர் பட்டியலில் அவர் பெயர் ஏறிற்று. 1794-இல் கணவரும் மணவிலக்குப் பெற்றார். ஓவியர்களும் அறிஞர்களுமாக இருநூற்றுக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு வேண்டியதன் பின்னரே பட்டியலிலிருந்து அப்பெயர் நீங்கியது. 1802-இல் அவர் பாரிசுக்கு மீண்டார்.

லெ பிரனின் கதையை உலகம் அறிந்த அளவுக்கு லபீல் கியாரின் கதையை அறியவில்லை. முன்னவர் தம் நினைவுகளை நூலாக எழுதி வைத்துப் போனது ஒரு காரணம். என் மனத்தை மிகுதியும் ஈர்ப்பவர் பின்னவரே. அவர் ஓடவில்லை. மாற்றத்தை விரும்பி வரவேற்றார். கழகத்துக்குள் நுழையுமுன்பே கணவரைப் பிரிந்து, தம் உழைப்பால் வாழ்ந்து, இளம்பெண்கள் பலருக்கு ஓவியம் கற்பித்தவர் அவர். 1785-இல் எழுதிய தன்னுருவப் படத்தில், தாம் திரைச்சீலை முன் அமர்ந்திருக்க, பின்னே மாணவியர் இருவர் நிற்பதாகக் காட்டினார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் இப்போது அதைக் காணலாம். லூவர் மாளிகையில் மற்ற ஓவியர்களுக்குத் தந்ததுபோல் தமக்கும் இடம் வேண்டினார். இளம்பெண்கள் அங்கே வந்துபோவது ஒழுக்கத்துக்கு ஊறாகும் என்று மறுக்கப்பட்டது.

1790 செப்டம்பரில் அவர் கழகத்தின் கூட்டத்தில் எழுந்து, பெண்களின் எண்ணிக்கைக்கு வரம்பே கூடாது என்று வாதாடினார். அடுத்த ஆண்டுக் கண்காட்சியில் தேசிய மன்றத்து உறுப்பினர் பலரின் உருவப்படங்களை வைத்தார். ரோபஸ்பியரும் அவர்களுள் ஒருவர். அரசரின் அத்தைமாரை எழுதிய கை மக்கள் பிரதிநிதிகளையும் எழுதியது. எனினும் பழைய தொடர்பு அவரைத் தொடர்ந்து வந்தது. அரசரின் தம்பி 1788-இல் பணித்திருந்த மாபெரும் ஓவியம் ஒன்று அவர் கையில் இருந்தது. வரலாற்று ஓவியர் என்னும் பெயரைத் தமக்கு ஈட்டித்தரும் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் அதில் உழைத்தார். 1793 ஆகஸ்டில், அரச குடும்பத்தின் பெருமையைக் காட்டுவது என்னும் காரணத்தால், அப்படத்தை அதற்கென வரைந்த முன்படங்களுடன் அழித்துவிடுமாறு அதிகாரிகள் ஆணையிட்டனர். படம் எரிந்தது, கூலியும் கிடைக்கவில்லை. அதற்குப் பின் அத்தகைய பெரும்படம் எதனையும் அவர் எழுதவில்லை. 1795-இல் லூவரில் இடமும் ஆண்டுதோறும் உதவித்தொகையும் கிடைத்தன. 1803-இல் இறந்தார்.

புரட்சி பெண் ஓவியர்க்கு நன்மை செய்ததா என்று கேட்டால், ஒரு சொல்லில் விடை கூற முடியாது. 1791 முதல் கண்காட்சி எல்லார்க்கும் திறந்துவிடப்பட்டது. கழக உறுப்பினரல்லாத பெண்களும் படம் வைத்தனர். அவர்தம் தொகை ஆண்டுக்காண்டு பெருகியது. இது மெய். ஆனால் 1793 ஆகஸ்டில் பழைய கழகத்தைக் கலைத்தவர்கள், 1795-இல் அதற்கு மாற்றாகத் தேசியக் கலைக்கழகத்தை நிறுவியபோது, நான்கு இடங்களைக்கூடப் பெண்களுக்குத் தரவில்லை. மன்னராட்சி கதவைச் சிறிது திறந்து வைத்தது. சமத்துவம் பேசியவர்களோ அதைச் சாத்திவிட்டார்கள்! பாரிசின் அரசுக் கலைப்பள்ளியில் பெண்கள் சேர 1897 வரை காத்திருக்க நேர்ந்தது.

லெ பிரனிடமும் பின்னர் தாவீதிடமும் பயின்ற மரீ கீல்லமின் பென்வா என்பவர், 1800-ஆம் ஆண்டுக் கண்காட்சியில் கறுப்பினப் பெண் ஒருத்தியின் உருவப்படத்தை வைத்தார். வெண்துகில் தலைப்பாகையுடன் அமைதியாக அமர்ந்து நம்மை நேர்நோக்கும் அம்முகத்தில் ஏவலாளின் குறிப்பு ஏதுமில்லை. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை 1794-இல் ஒழிக்கப்பட்டு, 1802-இல் மீண்டும் புகுத்தப்பட்டதற்கு இடைப்பட்ட சில ஆண்டுகளில் பிறந்த படம் அது. 1814-இல் மன்னராட்சி மீண்டதும் பென்வாவின் கணவருக்கு அரசில் உயர்பதவி கிடைத்தது. பதவியில் உள்ளவரின் மனைவி பொதுக் கண்காட்சியில் படம் வைப்பது பொருந்தாது என்று கருதப்பட்டது. பென்வா மனம் நொந்து விலகிக்கொண்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1818-இல், அதே அரசு அவருடைய அப்படத்தை விலைக்கு வாங்கி லூவரில் வைத்தது.