புத்தம் புது நாணயத்தில் வெள்ளைப் புள்ளி... காசு கொடுத்த நீங்கள் என்ன செய்யலாம்?

முன்பதிவு செய்தீர்கள். குலுக்கலில் உங்களுக்குக் கிடைத்தது. ஆசையாகப் பெட்டியைத் திறந்தால், கண்ணாடி போல் மின்ன வேண்டிய நாணயத்தில் ஒரு வெண்புள்ளி!

நாணயம் சேகரிப்பவர்கள் பலருக்கும் தெரிந்த எரிச்சல் இது. "சின்னப் புள்ளிதானே, விடுங்க" என்று சொல்லிவிட முடியுமா?

'ப்ரூஃப்' நாணயம் என்றால் என்ன?

காப்பிக்கடையில் மீதிச் சில்லறையாக வருவது புழக்க நாணயம். ஒன்றோடொன்று உரசும், கீறல் விழும். யாரும் கவலைப்படுவதில்லை.

ப்ரூஃப் அப்படியல்ல. வெற்று வில்லையையும் அச்சையும் தனியாக மெருகேற்றி, ஒரு முறைக்கு மேல் அழுத்தி எடுப்பார்கள். பின்னணி கண்ணாடி போலவும் உருவம் பனி படர்ந்தது போலவும் தெரியும்.

சிங்கப்பூரின் சீன ராசி நாணயங்கள் 1981ஆம் ஆண்டு, சேவல் ஆண்டில் தொடங்கின. நான்காவது தொடர் 2017இல் ஆரம்பமானது. சிங்கப்பூர் நாணய ஆணையம் வெளியிடுகிறது. சிங்கப்பூர் மிண்ட் விற்கிறது. தேவை அதிகமானால் குலுக்கல்தான்.

வாங்குமுன் பெயரைக் கவனியுங்கள். 'ப்ரூஃப்-லைக்' என்பது விலை குறைந்த, வேறு ரகம்.

நகைக்கடைக் காசில் கீறல் இருந்தால்?

சிராங்கூன் சாலை நகைக்கடையில் வாங்கும் 916 தங்கக் காசில் எடைக்குத்தான் முக்கிய மதிப்பு. கீறல் விழுந்தாலும் உருக்கினால் அதே தங்கம்.

ப்ரூஃப் நாணயத்துக்கு உலோக விலைக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். எதற்கு? குறையில்லாத அந்தத் தோற்றத்துக்கு! அதிலேயே குறை என்றால், காசு கொடுத்த பொருள் கைக்கு வரவில்லை என்றுதானே அர்த்தம்?

அடிக்கடி காணும் குறைகள்

• பால்புள்ளி: வெள்ளி உலோகத்தில் வரும் வெண்புள்ளி. வில்லையைக் கழுவிய கரைசல் மிச்சமிருந்து, சூட்டில் படிந்துவிடுவது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. வாங்கிப் பல மாதம் கழித்தும் தலைகாட்டலாம். கனடாவின் நாணயச்சாலை இதைக் குறைக்கவே 2018இல் 'மிண்ட்ஷீல்டு' என்ற தொழில்நுட்பத்தை அறிமுகப்படுத்தியது.
• செம்புள்ளி: சுத்தத் தங்க நாணயத்திலும் வரலாம். மேற்பரப்பில் ஒட்டிய மற்ற உலோகத் துகள்கள் நிறம் மாறுவதுதான் காரணம் என்பார்கள்.
• மயிரிழைக் கீறல், விரல் ரேகை, தூசு: கையாளும்போதோ உறையில் போடும்போதோ ஏற்படுபவை.

குறை நாணயத்தில் மட்டும்தான் வரும் என்றில்லை. 2015இல் எஸ்ஜி50 நினைவு நோட்டுகளின் உறையில் முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் பெயர் தவறாக அச்சானது. நோட்டுகளில் பிழை இல்லை. ஆனாலும் ஆணையம் மன்னிப்புக் கேட்டது.

69க்கும் 70க்கும் இவ்வளவு வித்தியாசமா?

பிசிஜிஎஸ், என்ஜிசி ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் நாணயங்களுக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் தருகின்றன. என்ஜிசியில் 70 வாங்க, 5 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் தயாரிப்புக்குப் பிந்திய குறை எதுவும் தெரியக்கூடாது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலே 70ஐ 69 ஆக்கிவிடும். மறுவிற்பனை விலையும் இறங்கும்.

"பிழை நாணயம்னா விலை ஏறுமே?"

அது வேறு கதை. பிரிட்டனில் 2008இல் பொருந்தாத அச்சுகள் சேர்ந்துவிட்டதால், ஆண்டு குறிப்பிடாத 20 பென்ஸ் நாணயங்கள் வெளிவந்தன. அச்சுப் பிழை என்பதால் அவற்றை முகமதிப்பைவிட அதிகம் கொடுத்து வாங்குகிறார்கள். புள்ளிக்கும் கீறலுக்கும் அந்த மவுசு கிடையாது.

சரி, என்ன செய்யலாம்?

1. வந்த அன்றே பாருங்கள். உறையைத் திறக்காமல், விளக்கடியில் சாய்த்துப் பார்த்துப் படமெடுங்கள். பெட்டி, சான்றிதழ், ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள்.
2. தேய்க்கவே கூடாது! வெள்ளிக் குத்துவிளக்குக்குத் திருநீறு சரி, நாணயத்துக்குக் கூடாது. பனி படர்ந்த தோற்றம் போய்விடும். தரம் பார்ப்பவர்கள் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று குறிப்பிட்டு, மதிப்பெண்ணே தரமாட்டார்கள்.
3. விற்றவரிடம் உடனே எழுத்தில் சொல்லுங்கள். மாற்றித்தரும் விதிமுறையை வாங்குமுன்பே படித்துவிடுவது நல்லது.
4. சட்டம் தெரிந்திருக்கட்டும். சிங்கப்பூரில் 'லெமன் லா' 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. பொருளை ஒப்படைத்த 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். தாமதமாக வரும் பால்புள்ளி விஷயத்தில் இது முக்கியம். ஆனால் நீங்களே ஏற்படுத்திய சேதத்துக்கு இது பொருந்தாது. கேரசலில் தனிநபரிடம் வாங்கினாலும் பொருந்தாது.
5. தீர்வு வரவில்லையா? பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அடுத்து, சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம். இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை.

பத்திரமாக வைப்பதும் முக்கியம். மெல்லிய பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம்; அது நாளடைவில் பச்சைப் பிசுபிசுப்பை உண்டாக்கும். நம்ம ஊர் ஈரப்பதத்துக்குப் பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், குறிப்பாக முதல் 6 மாதத்தில்!